கட்டை

முதலில் எடையைத்தான் யோசித்தேன்.
மேசையென்றால் நாலு பேர் தூக்கினாலும்
முனக வேண்டும்.
தரையில் உட்கார்ந்து
பலகையைக் காலால் மிதித்து அறுத்த நாளெல்லாம்
ரம்பம் போகும் பக்கம்
பலகையும் கூடவே வந்தது,
சில்லறை பாக்கி கேட்கும் பயணி மாதிரி.

வத்தலக்குண்டில் கபூர் பாய் மில்.
நாலுக்கு நாலு தைலமரம், நான்கு கால்.
“முறுக்கும் டிரைவர்,
ரெண்டு மழை பார்க்கட்டும்” என்றார்.
பார்த்தது,
பெருமாள்மலை ஷெட்டில் குறுக்குக்கட்டை மேல் படுத்து,
என் ஸ்கூட்டர் வெளியே நனைந்துகொண்டிருக்க.
மேல்பலகைக்கு, மிளகுத் தோட்டத்தில் சாய்ந்த
சில்வர் ஓக்.
உள்ளே ஒரு ஆணி இருந்தது.
எந்தக் காலத்தில் எவர் அடித்த நம்பர் தகடோ,
மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கிறது.
இழைப்புளியின் பல் போனது.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.
பாதி தூக்கத்துக்கு,
மீதியில் ஒரு துளை, ஒரு கழுந்து.
மொத்தம் பதினாறு.
மழைநாளில் கழுந்து ஊதிக்கொண்டு நுழையாது.
வெயில் வந்தால் லொடலொடக்கும்.
இங்கே வெயிலுக்கும் மழைக்கும் நடுவே
ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

கொட்டாப்புளி விழும்போதெல்லாம்
அலமாரியில் டம்ளர் நடுங்குகிறது என்றாள்
அமலோற்பவம்.
எது நடுங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.
சாப்பிடும்போது என் கையைப் பார்ப்பாள்.
பிறகு ரசம் ஊற்றுவாள்.

போன ஐப்பசி,
பூம்பாறைக்கு முந்தின ஏற்றம்.
கண்ணாடிக்கு வெளியே பஞ்சு அடைத்த மாதிரி மூட்டம்.
மேலே பூண்டு மூட்டை, உள்ளே அறுபது பேர்.
பிரேக் மிதித்தபடியே இருக்கிறேன்,
வண்டி பின்னால் போகிறது.
ஒரு முழம்.
அப்புறம் இன்னொரு முழம்.
சவரியப்பன் விசிலை வாயில் வைத்தபடி குதித்தான்,
கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில்
காலால் உதைத்துத் தள்ளினான்.
டயர் அதைக் கடித்தது. நின்றது.
ஒரு கிழவர் விழித்து
“மன்னவனூர் வந்திருச்சா?” என்றார்.
அவ்வளவுதான். பேப்பரில்கூட வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு
நகராத ஒன்று வேண்டியிருந்தது.

பூட்டி முடித்த அன்று
ரசமட்டம் வைத்தேன்.
குமிழி மேற்கே ஓடி ஒட்டிக்கொண்டது,
கொடைக்கானல் பக்கம்.
இந்த மலையில் தண்ணீர் இறங்கும், காற்று ஏறும்,
ரசமட்டத்துக்குள்ளும் அதே வழக்கம்.
கிழக்குக் கால் ஒரு விரல் அந்தரத்தில்.
கை வைத்தால் டக்.
எடுத்தால் டக்.
மற்ற மூன்று காலையும் அறுத்துவிடலாமென்று
ரம்பம் எடுத்தேன்,
வைத்தேன், எடுத்தேன்.
மூன்றை அறுத்துச் சரிசெய்யப் போய்
முக்காலி ஆனவர் கதை எங்கள் டிப்போவில் உண்டு.

ஞாயிறு பூசை முடிந்து
சவரியப்பன் வந்தான்.
மேசையைச் சுற்றி வந்தான்,
டிக்கெட் வாங்காதவனைத் தேடுகிற நடை.
மூலையில் குனிந்தான்.
பைக்குள்ளிருந்து எடுத்தான்,
அந்தக் கட்டையை.
டயரின் பல் இன்னும் அதில் பதிந்திருந்தது.
காலால் உதைத்தான்,
அதே கால், அதே உதை.

ஏறிப் படுத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.
ஐம்பத்திரண்டு வயதில்
மேசைமேல் மல்லாந்து கிடந்தேன்.
காதுக்குள் எந்த இஞ்சினும் ஓடவில்லை.

“வண்டிக்கு இப்போ கட்டை இல்லை” என்றான் அவன்.
மிச்சத் தைலமரத்தை வைஸில் இறுக்கினேன்.
“சரிவு எவ்வளவு?”
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினான்.
அளவு எதுவும் கேட்கவில்லை நான்.
இருவருக்கும் அந்தச் சரிவு தெரியும்.

இப்போது அதன்மேல்
அமலோற்பவம் என் யூனிபார்மை இஸ்திரி போடுகிறாள்.
ஆட்டமில்லை என்கிறாள், நல்ல மேசை.
மேசை இதற்கில்லை என்று சொல்ல நினைத்தேன்.
இந்த வாரம் கிளாவரை, நைட் ஹால்ட்.
நான் திரும்பும்வரை
அது அங்கேயே நிற்கும்.